நாற்காலிப் படகு

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். அதனால் நாகலாபுரம் பக்கத்து ஏரியில் படகைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் எனக்கே வந்தது. இரண்டு மிதவைப் படகுகள் நின்றன. ஒன்றில் மெத்தை நாற்காலிகள், மற்றொன்றில் வெறும் பலகைத் தளம். என் முதல் சம்பளத்தில் அழைத்து வந்த வீட்டாரைத் தரையிலா உட்கார வைப்பேன்? நாற்காலிப் படகைக் காட்டினேன்.

"சோத்த எங்கம்மா வெச்சித் துன்றது?" என்று அப்பா கேட்டார்.

"மடியில வெச்சிக்கோ நைனா. எல்லாரும் அப்டித்தான் துன்றாங்க."

படகு நகர்ந்ததும் அம்மா நாற்காலிகளுக்கு நடுவே பாயை விரித்துப் புளிச்சோற்றுக் குண்டானைத் திறந்தாள். எல்லோரும் நாற்காலியைவிட்டுப் பாயில் இறங்கிவிட்டார்கள். நாற்காலிகளில் பைகளும் நானும் மட்டும் மிஞ்சினோம்.

"நீ பட்ச்ச பொண்ணு, அங்கியே குந்து" என்றாள் அம்மா.

வடைத் தட்டு என் காலடிவரை வந்து திரும்பிப் போனது. அதற்குமேல் முடியவில்லை.

"கொஞ்சம் தள்ளிக் குந்து நைனா" என்று இறங்கினேன்.