அவருக்கு மட்டும் எரியாத விளக்கு

மனைவி காரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனதும், கண்ணாடிக்காரர் வெளியே வந்து பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்ப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை. பழைய வண்டி, அதிகமாகச் சூடேறுகிறதா என்று பார்ப்பதாகப் பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார். உண்மையில் அவர் பார்ப்பது, வண்டி எவ்வளவு தூரம் போய் வந்திருக்கிறது என்பதை. "இன்னிக்கு ரொம்ப தூரமோ?" என்று ஒன்றும் தெரியாதவர்போல உள்ளே வந்து கேட்பார். "ஆமா, அந்தப் பக்கம் ரெண்டு பேஷன்ட்" என்பாள் அவள், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. அந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று கேட்க அவருக்கு வாய் வராது. அந்தப் பக்கத்தில்தான் மெக்கானிக்கின் பட்டறை இருக்கிறது.

கடைவீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை அவருக்கு. ஆட்களைப் பெயரால் நினைவு வைப்பதில்லை, பவரால்தான். "மைனஸ் நாலு வந்திருந்தார், பொண்ணுக்கு வேலை கிடைச்சிருச்சாம்" என்பார். புது ஃப்ரேமை மாட்டிவிட்டு ஓர் எட்டு பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்ப்பார். "கண்ணாடி மூக்கு மேல உக்காரணும் சார், மூக்கைப் பிடிச்சுத் தொங்கக் கூடாது" என்றபடி காதுக் கம்பியைச் சூடுகாட்டி ஒரு நூல் வளைப்பார். நூலளவு கோணலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண்ணை மூடி வைக்கத் தெரியாததுதான் தொல்லை.

நாற்பது தாண்டித்தான் கல்யாணம். அவருக்கு முதல், அவளுக்கு இரண்டாவது. கைகால் விழுந்தவர்களுக்கு வீடுவீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கிறவள் அவள். வரும்போது இரண்டு பெட்டித் துணியும் இந்தக் காரும் கொண்டுவந்தாள். காரின் எஞ்சினை ஒருமுறை முழுசாகப் பிரித்து, கழுவி, மறுபடி பூட்டிக் கொடுத்தவர் அவளுடைய முதல் கணவர், அதே மெக்கானிக். அவருக்கும் வேறு கல்யாணம் ஆகி இரட்டைப் பெண்குழந்தைகள்கூடப் பிறந்துவிட்டன. முகம் முறியாமல் பிரிந்தவர்கள். கட்டிப் புரண்டு சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் கண்ணாடிக்காரர் நிம்மதியாக இருந்திருப்பார்.

அவள் இருவர் பெயரையும் சொல்லமாட்டாள். இருவருமே 'அவர்'தான். "அவர் அப்பவே சொன்னாரு, ரேடியேட்டரை மாத்தணும்னு" என்று யாரிடமாவது போனில் பேசுவாள். தான் எப்போது ரேடியேட்டரைப் பற்றிப் பேசினோம் என்று கண்ணாடிக்காரர் ஒரு கணம் யோசிப்பார். பிறகு புரியும். அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

இந்த நிலையில்தான் அந்தச் சிவப்பு விளக்கு கண் சிமிட்டத் தொடங்கியது.

"டாஷ்போர்டுல எண்ணெய்க் கிண்ணம் மாதிரி ஒரு விளக்கு விட்டுவிட்டு எரியுதுங்க" என்றாள் மனைவி. "ஆயில் பிரஷர் கம்மின்னா எரியுமாம். அப்படியே ஓட்டினா எஞ்சின் போயிடுமாம். அவர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வந்துடட்டுமா?"

"அவசரப்படாதே. நான் பார்க்கிறேன்" என்றார்.

பார்த்தார். ஆயில் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். எண்ணெய் சரியான அளவில் இருந்தது. கடைக்கு ஓட்டிப் போனார், வந்தார். விளக்கு எரியவில்லை. மறுநாளும் எரியவில்லை. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கடைவீதியைச் சுற்றி வந்தபோதும் அது செத்த மீன் கண்போலக் கிடந்தது. அவள் தனியாக ஓட்டினால் மட்டும் எரிகிறது. அவருக்கு எரியவே எரியாது. நெஞ்சில் ஒரு முள் ஏறியது. அப்படி ஒரு விளக்கு எரிகிறதா, அல்லது பட்டறைக்குப் போக ஒரு சாக்கா?

கடை விடுமுறையன்று, ஃப்ரேம் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தானே காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஊரைத் தாண்டி வெகுதூரம் போனார். திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தினார். எஞ்சின் நன்றாகச் சூடேறி, மெதுவாகக் குலுங்கிக்கொண்டிருந்தது. ஒரு குலுக்கலில் விளக்கு சிவப்பாக எரிந்து அணைந்தது. மறுபடி எரிந்தது.

"எரியுது!" என்று காருக்குள் தனியாகக் கத்திவிட்டார். அவள் பொய் சொல்லவில்லை. எஞ்சின் போய்விடுமே என்ற பயம் வருவதற்கு முன்னால் சந்தோஷம் வந்தது. அப்புறம்தான் பதறி எஞ்சினை அணைத்தார். கேட் திறந்தும் வண்டி நகராததால் பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள்.

அவள் போவதைவிடத் தான் போவது மேல் என்று, எஞ்சின் ஆறிய பிறகு வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு நேரே பட்டறைக்கு விட்டார்.

மாமா, மச்சான், ஓரகத்தி, ஒன்றுவிட்ட சித்தப்பா என்று எல்லாவற்றுக்கும் சொல் வைத்திருக்கும் தமிழில், மனைவியின் முதல் கணவரை அழைக்க ஒரு சொல் கிடையாது. மெக்கானிக் அந்தக் குறையை வெகு சுலபமாகத் தீர்த்துவிட்டார். "வாங்க சகல!" என்று கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கண்ணாடிக்காரரும் பல்லைக் காட்டி வைத்தார்.

விஷயத்தைக் கேட்டதும் மெக்கானிக் விளக்கை ஏற்றும் ஆயில் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் பிரஷர் காட்டும் ஒரு கேஜைப் பொருத்தி, எஞ்சினை நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டார். கேஜின் முள் ஏறி அசையாமல் நின்றது. "பிரஷர் கல்லு மாதிரி நிக்குது. நான் பூட்டின எஞ்சின் சகல, இது போகாது. விளக்குதான் பொய் சொல்லுது." பிறகு பானெட்டுக்குள் குனிந்து, விளக்குக்குப் போகும் ஒயரை விரல்களால் தடவிக்கொண்டே வந்தார். "ஒயர் நல்லாருக்கு. சுவிட்சுதான் கோளாறு. மாத்திடறேன்."

கண்ணாடிக்காரர் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் ஒயரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, மோவாயை உள்ளே இழுத்து, கண்ணைச் சுருக்கினார். ப்ளஸ் ஒன்றரை, விட்டால் ஒன்றே முக்கால் என்று தொழில் புத்தி கணக்குப் போட்டது. அடுத்த கணம் அந்த மெக்கானிக் கண்ணுக்குத் தெரியாதது இவர் கண்ணுக்குத் தெரிந்தது. எஞ்சினைத் தாங்கும் இரும்புப் பட்டையின் விளிம்பில் ஒயரின் தோல் தேய்ந்து, உள்ளே செம்பு ஊசிமுனை அளவுக்கு மின்னியது. சூடான எஞ்சின் குலுங்கும்போதெல்லாம் அந்தச் செம்பு இரும்பில் பட்டு விளக்கை ஏற்றிவிடுகிறது.

சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. சுவிட்சை மாற்றட்டும். விளக்கு மறுபடி எரியட்டும். 'அவர்' கை வைத்தும் சரியாகவில்லை என்று அவள் தன் வாயால் சொல்லட்டும்.

"அவளுக்கு இன்னும் கிளட்ச்ல காலை வச்சுக்கிட்டே ஓட்டுற பழக்கம் இருக்கா?" என்று மெக்கானிக் சிரித்தபடி கேட்டதும், மிச்சமிருந்த இரக்கமும் போய்விட்டது.

ஒரு வாரம் ஆகவில்லை, அவர் காத்திருந்த வார்த்தை வந்தது. "மறுபடி எரியுதுங்க. அவருக்கே பிடிபடலை பாருங்க." கண்ணாடிக்காரருக்கு நெஞ்சுக்குள் வெல்லம் கரைந்தது. இன்னும் கொஞ்சம் சாப்பாடு கேட்டு வாங்கிக்கொண்டார்.

"உடனே நிறுத்தினியா?"

"எதுக்கு? பொய் விளக்குன்னு அவர்தான் சொல்லிட்டாரே. எரிஞ்சா எரியட்டும்னு ஓட்டிட்டே வந்துட்டேன்."

கை தட்டிலேயே நின்றது. நாளைக்கு உண்மையாகவே எண்ணெய் தீர்ந்து அந்த விளக்கு எரிந்தாலும் இவள் நிறுத்தமாட்டாள். ஆளில்லாத சாலையில், ஓடும் வேகத்தில் எஞ்சின் இறுகி நின்றால் என்ன ஆகும்? இது யார் செய்த வேலை? பட்டறையில் வாயை மூடிக்கொண்டு நின்றவர் செய்த வேலை.

காலையில் அவள் குளித்து வருவதற்குள் பானெட்டைத் திறந்து, தேய்ந்த இடத்தில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, ஒயரை இரும்பில் படாமல் ஒதுக்கிக் கட்டினார். கண்ணாடித் துண்டுகளோடு பழகிய விரல்கள், வேலை சுத்தமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவள் காரோடு கடை வாசலில் வந்து இறங்கினாள். முகமெல்லாம் சிரிப்பு. "எங்கெங்கயோ சுத்திட்டேன், எரியவே இல்லீங்க! அவர் போட்ட சுவிட்ச் இப்பத்தான் செட்டாயிருக்கு போல."

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். ஒயரைப் பற்றிச் சொன்னால், எப்போது பார்த்தீர்கள் என்று கேட்பாள். திறந்த வாயை மூடிக்கொண்டார். அதற்குள் அவள் போன் போட்டு, நன்றி சொல்லி, "நீங்களும் ஒரு வார்த்தை பேசுங்க" என்று அவர் கையில் திணித்துவிட்டாள்.

"நான்தான் சொன்னேனே சகல, சுவிட்சுதான்னு!" என்றது போன்.

"ஆமா, ஆமா" என்றார். சற்றுத் தயங்கி, "ஒருநாள் கடைப்பக்கம் வாங்க" என்றார்.

"எதுக்கு?"

"கிட்டத்துல பார்க்க உங்களுக்குக் கஷ்டமா இருக்கு. அன்னிக்குக் கவனிச்சேன். கண்ணை டெஸ்ட் பண்ணிடலாம். ஒரு கண்ணாடி எடுத்து வைக்கிறேன்."

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். எத்தனையோ நாளாக அவர் ஏங்கிய பார்வை அது.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவர் ஃப்ரேம் இழுப்பறையைத் திறந்தார். மெல்லிய தங்கக் கம்பி ஃப்ரேம் ஒன்றில் விரல் நின்றது. அந்த அகன்ற முகத்துக்கு எடுப்பாக இருக்கும். நகர்ந்தது. பழுப்பு ஃப்ரேமில் ஒரு கணம் தயங்கி, அதையும் தாண்டியது. கடைசி வரிசையில், யார் மாட்டினாலும் பத்து வயது கூட்டிக் காட்டும் தடித்த கறுப்பு ஃப்ரேம் ஒன்று விலைபோகாமல் கிடந்தது. அதை எடுத்து, தூசு போக ஊதி, அக்கறையாகத் துடைத்துத் தனியே வைத்தார்.