செய்தித்தாள் பாலத்தின் மேல் உட்காருபவன்

செய்தித்தாளில் கட்டிய பாலத்தின் மேல் உட்காருவது, பார்ப்பவர்கள் நினைப்பதுபோல் சுலபமான தொழில் அல்ல. உடம்பை விறைத்துக்கொள்ளக் கூடாது. சிரிக்கவே கூடாது, வயிறு குலுங்கினால் பாலமும் குலுங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கீழே விழுந்த பிறகு எதுவும் நடக்காததுபோல் எழுந்து சட்டையைத் தட்டிக்கொள்ளத் தெரிய வேண்டும். மனைவி மேடையில் பேச, பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கணவர்களே, உங்களுக்கு இது புரியும்.

வயிற்றுப்பாட்டுக்கு நான் காப்பீட்டு முகவர். கடலூரில் வீடு. என் மனைவி வளர்மதி சிதம்பரத்தில் சிவில் எஞ்சினியரிங் படித்தவள். படிப்பு முடிந்த கையோடு கல்யாணம், ஒரு பையன், ஒரு பெண். வேலைக்குப் போகவில்லை. பையன் ஓட்டல் நிர்வாகம் படித்தான். பெண் வக்கீலுக்குப் படிக்கிறாள். இரண்டு பேரும் வெளியூர் போனதும், "பெத்ததுங்கதான் கேக்கல, ஊர்ப் புள்ளைங்கள்ல நாலு பேரையாவது எஞ்சினியர் ஆக்குறேன்" என்று கிளம்பிவிட்டாள். சம்பளம் கிடையாது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் இரண்டு பீரியடு கேட்டு வாங்குவாள். கொஞ்ச நேரம் பேச்சு. பிறகு பழைய செய்தித்தாள், மைதாப் பசை, சணல் கயிறு. பிள்ளைகள் தாளைக் குழாய் மாதிரி இறுக்கிச் சுருட்டி, முக்கோணம் முக்கோணமாகக் கட்டி, இரண்டு பெஞ்சுக்கு நடுவில் ஒரு பாலம் போட வேண்டும். மேலே ஒரு பலகை. கடைசியில் எடை வைத்துச் சோதனை.

எடைக்குச் செங்கல் என்றுதான் முதலில் முடிவு செய்திருந்தாள். மாடியிலிருந்து செங்கல்லைக் காருக்கு இறக்கிய எனக்கு நடுவிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. படியில் உட்கார்ந்து முனகிக்கொண்டிருந்தவனை மேலும் கீழும் பார்த்தாள். "செங்கல்லு எதுக்குங்க? நீங்களே ஒக்காந்துடுங்க" என்றாள்.

மஞ்சக்குப்பத்தில் முதல் விழுகை

முதல் பாலம் நான் உட்காரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. உட்காரப் போகிறேன் என்று தெரிந்ததுமே முடிச்சுகள் நழுவி, நான் தரையில் இருந்தேன். வகுப்பு முழுக்கக் கை தட்டியது. கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பையன் மட்டும் எழுந்து, "எங்க அண்ணனும் எஞ்சினியரிங் படிச்சவன்தான் மிஸ். இப்ப பிரியாணி டெலிவரி பண்றான். ஆனா இதுவரைக்கும் ஒருத்தரையும் கீழ போட்டதில்ல" என்றான்.

அதையும் வளர்மதி சிரித்துக்கொண்டே சமாளித்தாள். அடுத்து முன்வரிசையிலிருந்து வந்தது கேள்வி: "மிஸ், நீங்க எந்தப் பாலம் கட்டியிருக்கீங்க?" குசும்பு இல்லாத, நிஜமான கேள்வி. அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மணி அடிக்கும்வரை குடித்தாள்.

காரில் வரும்போது சொன்னாள்: "அந்தப் புள்ள கேட்டதுல தப்பே இல்லங்க. ஒண்ணுமே கட்டாதவ பேச்ச அதுங்க ஏன் கேக்கணும்? இன்னும் நாலு பள்ளிக்கூடம் ஒத்துக்கிட்டேன். அதுக்குள்ள இதுக்கு ஒரு பதில் கெடைக்கலன்னா இத்தோட விட்டுடுறேன்."

சிதம்பரத்தில் தலைவர்

அன்றிலிருந்து அந்தக் கேள்வியும் எங்களோடு காரில் வர ஆரம்பித்தது. அவளை வேலைக்குப் போகாதே என்று நான் சொன்னதில்லை. போ என்று சொன்னேனா? எது என் குணம், எது என் சோம்பல்? இப்படி யோசித்துக்கொண்டே சிதம்பரத்தில் ஒரு ஆண்கள் பள்ளிக்கூடத்துப் பாலத்தில் உட்காரக் குனிந்தேன். "சார், எந்திரிங்க! தலைவர் மூஞ்சி மேல ஒக்காரப் போறீங்க!" என்று ஒருவன் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தான். பலகைக்கு அடியில் இருந்த குழாயில், ஒரு நடிகரின் பிறந்தநாள் விளம்பரம் முழுப்பக்கத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. மறுபக்கம் இன்னொரு நடிகரின் கோஷ்டி. அவர்கள், "நல்லா அழுத்தி ஒக்காருங்க சார்!" என்றார்கள்.

சண்டை முற்றுவதற்குள் வளர்மதி சாக்பீஸை எடுத்தாள். பாலத்தில் மேலே இருக்கும் குழாய் நசுங்கும், கீழே இருக்கும் குழாய் இழுபடும் என்று படம் போட்டு விளக்கினாள். வகுப்பு அவ்வளவு கவனமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. தலைவரை நசுக்குவதா இழுப்பதா என்று ஐந்து நிமிடம் கூடிப் பேசி, இழுப்பதே மரியாதை என்று முடிவெடுத்துக் கீழே மாற்றிக் கட்டினார்கள். அவர் இருந்த இடத்துக்கு எதிர்க்கோஷ்டியின் நடிகரை ஏற்றினார்கள். நான் உட்கார்ந்தேன். மூச்சை இழுத்து விட்டேன். மேல் குழாய் மடங்கியது.

இடிபாடுகளுக்குள் கையை விட்டுத் தன் குழாயை மட்டும் முழுசாக உருவி எடுத்த பையன், அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினான். "பாத்தீங்களா மிஸ், தலைவர் கடைசி வரைக்கும் தாங்குனாரு. மேல இருந்தவன்தான் கவுத்துட்டான்."

கீரப்பாளையத்தில் கற்பூரம்

கீரப்பாளையத்துப் பிள்ளைகள் கட்டியதுதான் அதுவரை பார்த்ததிலேயே நல்ல பாலம். நான் உட்கார்ந்தேன்; ஒரு முனகல்கூட இல்லை. வளர்மதி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அப்போதுதான் விளையாட்டு ஆசிரியர் உள்ளே வந்தார். "என்னம்மா இது, புதுப் பாலம், பூஜ போடாம ஆளு ஏத்திட்டீங்க?" என்று பதறினார். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். "நீங்க அசையாதீங்க சார், ஒக்காந்தே இருங்க" என்றார்.

பாலத்தைத் தாங்கிய பெஞ்சுக் கால்களுக்கெல்லாம் மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம். எனக்கும் ஒரு பொட்டு. தட்டில் கற்பூரம் ஏற்றி அவர் பக்தியோடு சுற்ற ஆரம்பித்தார். இரண்டாவது சுற்றில், பசை ஒட்டாமல் நீட்டிக்கொண்டிருந்த ஒரு தாள் முனையில் கற்பூரம் பட்டது. பாலம் செய்தித்தாளால் கட்டியது என்பது அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நொடியில் ஞாபகம் வந்தது. சத்துணவுக் கூடத்திலிருந்து வந்த குடத்துத் தண்ணீர், பாலத்தில் பாதி, என் மேல் பாதி. இத்தனை பேருக்கு ஆயுள் காப்பீடு எடுத்துக் கொடுத்தவன், பாலத்தில் உட்கார எனக்கு ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லையே என்று நனைந்தபடி யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சிறுமி மட்டும் கரிந்த குழாய்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு வளர்மதியிடம் வந்தாள். "சாரு ஒக்காந்ததுல ஒடையல, தீயிலதான் மிஸ் போச்சு. இத பாஸ்னு போட்டுக்கலாமா?"

மேல்பட்டாம்பாக்கத்தில் என் பதில்

அவளுக்கு ஒரு பதில் தேடிக் கொடுப்பது என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன். மேல்பட்டாம்பாக்கம் போகும் வழியில், "நம்ம வாசல்ல சாக்கடை மேல ஸ்லாப் போட்டியே, அதச் சொல்லேன்" என்றேன்.

"அது பாலமா?"

"கீழ தண்ணி போவுது, மேல ஜனங்க போறாங்க. வேற என்ன வேணும் ஒரு பாலத்துக்கு?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் வழியே கரும்பு வயலைப் பார்த்தாள்.

வகுப்பில் அந்தக் கேள்வி வந்தபோது அவள் கை மறுபடியும் தண்ணீர் பாட்டிலுக்குப் போனது. என்னால் தாங்க முடியவில்லை. பின்னாலிருந்து, "ஊருக்கு வெளிய ஆத்துப் பாலம் இருக்கே, அதுல மிஸ்ஸுக்குப் பங்கு உண்டு" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே அவளை ஆச்சரியமாகப் பார்த்தது. ஒரு பையன் விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டான். பிறகு மிகுந்த மரியாதையோடு எழுந்தான். "சார், அந்தப் பாலத்து மேலதான் எங்க தாத்தா மாட்டு வண்டில பொண்ணு பாக்கப் போனாராம். மிஸ்ஸுக்கு இப்ப என்ன வயசு சார்?"

அன்று பாலம் பக்கவாட்டில் சாய்ந்தது. நான் அதோடு சாய்ந்து அங்கேயே படுத்துக்கொண்டேன். எழுந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். கடலூருக்குள் நுழையும்போதுதான் வாயைத் திறந்தாள். "புவனகிரிக்கு வார்த்த குடுத்துட்டேன். அதோட போதுங்க. தயவு செஞ்சி அங்கயாவது நீங்க வாயத் தொறக்காதீங்க."

புவனகிரியில் ஒரே செட்டு

புவனகிரி பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை முதலிலேயே சொல்லிவிட்டார்: போர்ஷன் முடியவில்லை, ஒரே ஒரு பீரியடுதான். சொல்லிவிட்டு, நேரம் பார்க்க நாற்காலி போட்டு உட்கார்ந்தும் கொண்டார். வளர்மதி பேச ஆரம்பித்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சந்தியா என்ற பெண் எழுந்து அதைக் கேட்டாள். "மிஸ், நீங்க எந்தப் பாலம் கட்டினீங்க?"

நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். வளர்மதி இந்தத் தடவை பாட்டிலை எடுக்கவில்லை. "ஒண்ணும் கட்டலம்மா. படிச்சேன், கல்யாணம் ஆச்சு, புள்ளைங்கள வளத்தேன். சர்டிபிகேட் பீரோவுல இருக்கு. நான் இதுவரைக்கும் ஒண்ணுமே கட்டுனதில்ல" என்றாள். தலைமையாசிரியைகூடக் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

சந்தியா உட்காரவில்லை. "அப்ப நீங்களும் நாங்களும் ஒரே செட்டு மிஸ். எங்களுக்கும் இதான் மொதப் பாலம். வாங்க, கட்டலாம்" என்றாள்.

வளர்மதி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இதுவரை பிள்ளைகளைச் செய்யச் சொல்லி நின்றுகொண்டே பார்த்தவள், இப்போது அவர்களோடு குழாய் சுருட்டினாள். "மத்த ஊர்ல எல்லாம் எப்படி மிஸ் விழுந்துச்சு?" என்று கேட்டார்கள். மஞ்சக்குப்பத்தில் முடிச்சு நழுவியது என்றாள். முடிச்சின் மேல் முடிச்சு போட்டார்கள். சிதம்பரத்தில் மேல் குழாய் மடங்கியது என்றாள். மேலே எல்லாம் இரட்டைக் குழாய் ஆனது. மேல்பட்டாம்பாக்கத்தில் பக்கவாட்டில் சாய்ந்தது என்றாள். இரண்டு பக்கமும் குறுக்குக் கட்டு ஏறியது. கீரப்பாளையத்தைச் சொன்னதும், "கற்பூரம் வச்சிருக்கிறவங்க வெளிய போங்கடி" என்றாள் ஒருத்தி. நடுவில் ஒரு மணி அடித்தது. தலைமையாசிரியை வாசலில் வந்து நின்ற கணக்கு ஆசிரியரைக் கையைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்.

நான் உட்கார்ந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மூச்சு விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. தும்மல்கூட ஒன்று வந்தது. பாலம் அப்படியே இருந்தது. வளர்மதி என்னைப் பார்க்கவில்லை. எனக்குக் கீழே இருந்த குழாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் கல்யாணத்தன்றுகூட இவ்வளவு பெருமையான ஒரு பார்வைக்கு இவ்வளவு பக்கத்தில் நான் இருந்ததில்லை.

சந்தியா மட்டும் திருப்தி இல்லாமல் என்னைச் சுற்றி வந்தாள். "மிஸ், இவரு பத்தல. ரொம்ப லேசா இருக்காரு. வேற ஆளு இருக்காங்களா?" என்றாள். வகுப்பு முழுக்க மெதுவாகத் திரும்பி, யார் பெயரையும் சொல்லாமல், நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தது. தலைமையாசிரியை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க சார்."

காட்டுமன்னார்கோயிலில்

ஆமாம், காட்டுமன்னார்கோயில். புவனகிரியோடு போதும் என்றவள், அன்று கார் கடலூர் வந்து சேர்வதற்குள் அடுத்த பள்ளிக்கூடத்துக்கு போன் போட்டுவிட்டாள். அங்கேயும் ஒரு பையன் எழுந்து அதையே கேட்டான். வளர்மதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள்: "புவனகிரில ஒண்ணு கட்டியிருக்கேன்பா. ஒரே நேரத்துல ரெண்டு பேர் ஒக்காந்தாங்க."

அந்த இரண்டு பேரில் ஒருவன் நான் என்பதால் சொல்கிறேன்: வாழ்க்கையில் நான் சும்மா உட்கார்ந்து உருப்பட்ட காரியம் அது ஒன்றுதான்.