மஞ்சள் பட்ட கசவுப்புடவை

பழைய துணியைப் பண்டிகைத் துணியாக மாற்றிக் கொடுக்கும் தொழிலில் கத்தரிக்கோலைத் தொடுவதற்கு முன்னால் மூன்று தடவை கேட்க வேண்டும். நான் ஒரே ஒரு ஓணத்துக்கு இரண்டு தடவையோடு நிறுத்திக்கொண்டேன். ஊசி பிடித்துப் பிழைக்கும் சக பாவிகளே, அதற்குப் பிறகு நான் என்ன பாடு பட்டேன் என்பது உங்களுக்குத்தான் புரியும்.

எங்கள் கடை மலையாளிகள் ஊரில், கிழக்கேகோட்டை பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்கு மேலே ஒற்றை அறை. நானும் ஸ்டெல்லாவும்தான். நான் நாகர்கோவில்காரி, வெட்டுவது என் வேலை. ஸ்டெல்லா மார்த்தாண்டத்துக்காரி, தைப்பதும் இஸ்திரி போடுவதும் அவள் வேலை. புதுத்துணி தைப்பதில்லை. அலமாரியில் கிடப்பதைக் கொண்டுவந்தால் ஓணத்துக்கோ தீபாவளிக்கோ உடுத்துகிற மாதிரி ஆக்கித் தருவோம். ஓணம் நெருங்கினால் எங்களுக்குச் சாப்பாடு நின்றுகொண்டுதான்.

ஆறு பேர், ஆறு வெள்ளை

அந்த வருஷம் முதலில் வந்தது கழக்கூட்டத்திலிருந்து ஒரு ஐ.டி. கூட்டம். ஆபீஸ் ஓணத்துக்கு ஆறு பெண்களும் ஒரே மாதிரி நிற்க வேண்டுமாம். புதுசு வாங்க மாட்டார்களாம். ஆளுக்கொரு பழைய கசவுப்புடவையைக் கொண்டுவந்து, "எல்லாம் ஒரே வெள்ளைதான்" என்று மேஜையில் போட்டார்கள். பொன்கரை போட்ட அந்தப் புடவைகளை வரிசையாக விரித்தேன். ஒன்று பால், ஒன்று மோர், ஒன்று வெண்ணெய், ஒன்று நெய். மீதி இரண்டும் என்ன நிறம் என்று அவற்றைத் துவைத்தவருக்கே தெரியாது.

விழா மறுநாள் காலை. நானும் ஸ்டெல்லாவும் ஆறு புடவையையும் தேயிலைத் தண்ணீரில் நனைத்து, ஃபேனுக்கு அடியில் காயவைத்து, நிறம் ஒத்து வருகிறதா என்று ஜன்னலுக்கும் மேஜைக்குமாக ஓடினோம். ஐந்து ஒத்து வந்தது, ஆறாவது முரண்டு பிடித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் புடவைக்காரி மட்டும் போனைவிட்டுக் கண்ணை எடுக்காமல் எனக்குத் தைரியம் சொன்னாள்: "சேச்சி டென்ஷன் அடிக்கண்டா, போட்டோவில ஞங்கள் ஃபில்டர் இட்டோளாம்."

கத்திரி படப்படாது

அடுத்து அக்ரஹாரத்துத் தெருவிலிருந்து ஒரு மாமி. நவராத்திரிக்கு பெங்களூரிலிருந்து மருமகள் வருகிறாள், அவளுக்கு மடிசார் கட்டத் தெரியாது. மாமியின் பழைய ஒன்பது கஜப் பட்டை, பேண்ட் மாதிரி காலை விட்டு மாட்டிக்கொள்கிற விதமாகத் தைத்துத் தர வேண்டும். இது நாங்கள் பலமுறை செய்த வேலைதான். "சரி மாமி" என்று சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்தேன். மாமி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

ஒன்பது கஜத்தையும் வெட்டாமலே மடித்து மடித்து ஓட்டுத் தையல் போட வேண்டும், நவராத்திரி முடிந்ததும் நூலை உருவினால் மறுபடி புடவையாகிவிட வேண்டும். ஓண நெருக்கடியில் அந்த ஒரு பட்டுக்கு மட்டும் இரண்டு நாள் போனது. தினமும் காலையில் மாமி வந்து, விளிம்பை முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டு, ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போவார்: "நீ என்ன வேணா பண்ணிக்கோடி, கத்திரி மட்டும் படப்படாது, எங்காத்துல மூணு கல்யாணத்தைப் பாத்த புடவை."

இரண்டே கேள்வி

இந்த மாமி தொந்தரவுக்கு நடுவில்தான் ரஜனியின் பை வந்தது. ரஜனியும் கழக்கூட்டத்துக்காரிதான், மலையாளி, இரண்டு வருஷமாக எங்களிடம் துணி தருபவள். அவள் மகள் கௌரி எட்டாம் வகுப்பு. அளவு கொடுக்க வந்தவள் பையையும் கொண்டுவந்தாள். பின்னாலேயே ரஜனியின் போன். பையில் இரண்டு கசவுப்புடவை. ஒன்றை வெட்டி கௌரிக்குப் பாவாடை சட்டை தைக்க வேண்டும். இன்னொன்று ரஜனியின் கல்யாணப் புடவை, அதற்கு இஸ்திரி மட்டும்.

மலையாளிக் கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணின் கையில் புடவை கொடுப்பது பெரிய சடங்கு. அந்தப் புடவையைத்தான் சொல்கிறாள். கொடுத்த கணவர் அஜயன் வளைகுடாவில் இருக்கிறார், நாலு வருஷத்துக்குப் பிறகு ஓணத்துக்கு வருகிறார். திருவோணத்தன்று அதை உடுத்திக்கொண்டு இலை போடுவேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போதே அவள் குரல் இளகியது, எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

"எது வெட்டுறது, எது இஸ்திரி?" என்று கௌரியைக் கேட்டேன். "அம்மைக்கு அறியாம்" என்றாள், அம்மாவுக்குத் தெரியுமாம். அம்மாவைக் கேட்டேன். தப்பு நடக்காது, பார்த்தாலே தெரியும் என்று சிரித்தாள். மூன்றாவதாக, இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்டிருக்க வேண்டும். மாமி படி ஏறும் சத்தம் கேட்டது, நான் விட்டுவிட்டேன். ரஜனி போனை வைப்பதற்கு முன்னால் சொன்ன வார்த்தை இன்னும் காதில் நிற்கிறது: "தெற்று பற்றாது சேச்சி, கண்டால் அறியாம்."

கண்டேன், அறிந்தேன்

இரண்டு புடவையையும் மேஜையில் வைத்தேன். ஒரே நிறம், ஒரே அகலக் கரை. ஆனால் ஒன்றின் முந்தி மூலையில் விரல் நுனி அளவுக்கு ஒரு மஞ்சள். அப்பாடா என்றிருந்தது. நம் வீடுகளில் கோடித்துணியை மூலையில் மஞ்சள் தொட்டு வைக்காமல் உடம்பில் போடுவோமா? கல்யாணப் புடவை என்றால் கேட்கவே வேண்டாம். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பேப்பர் சுற்றி, மேல் தட்டில் பத்திரமாக வைத்தேன். மற்றதன் அகலத்தை நாலாய் மடித்து, நடுவில் சாக்பீஸ் கோடு போட்டு, குறுக்கே ஒரே வெட்டு. கத்தரிக்கோல் புதுசாகச் சாணை பிடித்தது, சுகமாகப் போனது.

திருவோணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது ஸ்டெல்லா மேல் தட்டுப் புடவையை இஸ்திரி மேஜையில் முழுக்க விரித்தாள். பெட்டியைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். மூலையில் இருந்த மஞ்சள் தனியாக இல்லை. அங்கிருந்து கொசுவம் வரைக்கும் தெறித்துக்கொண்டு போயிருந்தது, சின்னதும் பெரியதுமாக ஏழெட்டு. துவைத்துத் துவைத்து வெளுத்த கறை. மலையாளிகள் கோடித்துணிக்கு மஞ்சள் வைப்பதில்லை என்பது, இத்தனை வருஷம் இந்த ஊரில் பிழைத்த எனக்கு, அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது. ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, இது மஞ்ச இல்ல கேட்டேளா, சாம்பாறாக்கும்."

கர்த்தருக்குத்தான் தெரியும்

ஒருத்தி நாலு வருஷம் காத்திருந்து உடுத்த நினைத்த புடவையை இரண்டாக்கி வைத்திருக்கிறேன். பாவாடைக்குச் சுருக்கம் பிடிக்கவில்லை என்பது ஒன்றுதான் புண்ணியம். இரண்டு துண்டும் முழுசாக இருந்தன. மாமி அந்த நேரம் பார்த்துத் தன் பட்டைப் பார்க்க வந்தார். அவர் விளிம்பைத் தடவி முடிக்கும்வரை வெட்டிய துண்டுகளை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தேன்.

வெட்டிய இடம் முன்கொசுவத்தில் வரும். இழையோடு இழை சேர்த்துத் தைத்துவிடலாம், சொல்லவே வேண்டாம் என்றாள் ஸ்டெல்லா. அவள் கை அப்படி. ஒளிக்க மாட்டேன் என்று நான் உடனே சொல்லவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஊசியில் நூல்கூடக் கோத்தாகிவிட்டது. அப்போது ரஜனியின் போன்: இஸ்திரி ஆச்சா, மறுநாள் மாலை வந்து வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். "நானே கொண்டுவர்றேன் ரஜனி" என்று என் வாய் சொல்லிவிட்டது. ஸ்டெல்லா நூலைக் கடித்துத் துப்பினாள்: "கொசுவத்துக்குள்ள போயிட்டா கர்த்தருக்கு மட்டுந்தான் தெரியும், இப்ப ஊருக்கே தெரியப் போவுது."

மடியில் ஒரு பை

போவதற்கு முன்னால் அந்த இரண்டு துண்டையும் ஐம்பது தடவை புரட்டிப் பார்த்தேன். கடைசியில் ஒரு வழி தட்டுப்பட்டது. இந்த ஊரில் செட்டு முண்டு என்று ஒன்று உண்டு. கீழே ஒரு துண்டு, மேலே ஒரு துண்டு, இரண்டும் சேர்ந்தால் புடவை மாதிரி. நடுவில் வெட்டிய புடவையும் அதே இரண்டு துண்டுதானே? கீழ்த்துண்டுக்குக் குறுக்கே பொன்கரை இருக்காது, அந்த முனையை உள்ளே சொருகிவிட்டால் தெரியாது. ஆனால் அவளைக் கேட்காமல் இன்னொரு தையல்கூடப் போடக் கூடாது என்று, ஊசி நூலையும் கறைப் புடவையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மறுநாள் பஸ் ஏறினேன்.

ஓணக் கூட்டத்தில் கழக்கூட்டம் ரோடு நகரவில்லை. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு வாக்கியம் தயார் செய்தேன், அடுத்த சிக்னலில் அது பிடிக்காமல் போனது. பையை மேலே வைக்கவும் மனமில்லை, கீழே வைக்கவும் மனமில்லை, நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே கேட்டார்: "அந்தக் கவரில் எந்தா சேச்சி, முட்டையாணோ?"

சாட்சி

கதவைத் திறந்தது ரஜனி இல்லை, ஒரு ஆண். ஹாலில் பெட்டிகள் பிரிக்காமல் கிடந்தன. அஜயன் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். அவர் முன்னால்தான் சொல்லியாக வேண்டும். இதற்கு மேல் தள்ளிப்போட்டால் வாய் வராது என்று, உட்காரக்கூட இல்லாமல், மஞ்சள், சாம்பார், வெட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு இரண்டு துண்டையும் சோஃபாவில் வைத்தேன். வெட்டிய முனையை ரஜனி விரலால் தடவினாள். கண் நிறைந்துவிட்டது. அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

மனைவி அழுவதைப் பார்த்து அஜயன் பதறினார். பையிலிருந்த கறைப் புடவையை வெளியே இழுத்து, நெஞ்சில் வைத்துக்கொண்டு, தான் கொடுத்தது இதுதானே என்று அத்தனை பிரியமாகச் சொன்னார்: "அதினு எந்தினா கரயுன்னே? ஞான் தந்த புடவை இதல்லே, இதினு ஒண்ணும் பற்றியில்லல்லோ!"

மூலையில் உட்கார்ந்திருந்த கௌரி மெல்ல எழுந்து உள்ளே போய்விட்டாள். அஜயன் கையில் இருந்தது போன வருஷம் ரஜனியே ஆபீஸ் ஓணத்துக்கு வாங்கி, சாம்பார் கொட்டிக்கொண்ட புடவை. ரஜனியின் கண்ணீர் நின்றுவிட்டது. அவள் என் பக்கமாக வந்து நின்றுகொண்டு, என்னைக் காட்டி, அவரைப் பார்த்துக் கேட்டாள்: "சேச்சிக்கு மஞ்ஞ கண்டு தெற்று பற்றி, நிங்ஙள்க்கு எந்து கண்டா தெற்று பற்றியது?"

இரண்டு துண்டு

அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ரஜனி என்னைப் படுக்கையறைக்குக் கூட்டிக்கொண்டு போய் கதவைச் சாத்தினாள். நான் தரையில் உட்கார்ந்து இரண்டு முனைக்கும் ஹெம்மிங் போட்டேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "வருத்தம் போகலை சேச்சி" என்று ஒரு தடவை சொன்னாள். போகாதுதான், நானும் தலையைக் குனிந்தபடியே தைத்தேன். கறைப் புடவையில் கறை இல்லாத பக்கத்தை அவள் கையாலேயே சாக்பீஸ் கோடு போடச் சொல்லி, கௌரிக்கு எடுத்துக்கொண்டு வந்தேன்.

திருவோணத்தன்று மதியம் போட்டோ வந்தது. கௌரி பாவாடை சட்டையில். ரஜனி செட்டு முண்டில், முகத்தில் சிரிப்பு பாதிதான் இருந்தது. பக்கத்தில் அஜயன், பரீட்சை எழுதி முடிவு தெரியாத பையனைப் போல நிற்கிறார். கீழே ரஜனியின் குரல் செய்தி: "நல்லா இருக்கு சேச்சி, இனி இதை ஆரும் மறக்கில்ல."

இப்போதெல்லாம் வெட்ட வேண்டிய துணிக்கு ஊக்கு குத்துகிறோம், வெட்டக் கூடாத துணிக்கு உடையவளையே நேரில் வரச் சொல்கிறோம், மஞ்சள் கண்டால் ஸ்டெல்லாவிடம் கொடுத்து மோந்து பார்க்கச் சொல்கிறோம், புருஷனை மட்டும் அடையாளம் காட்டக் கூப்பிடுவதே இல்லை.