ஷட்டர் கணக்கும் பத்மநாபன் சாரும்

பத்மநாபன் சார் இறந்துபோன செய்தி வந்தபோது நான் மாங்காட்டு அம்மன் கோயில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கையில் எலுமிச்சம்பழம். ஆறு வாரம் விடாமல் போக வேண்டும். அது நாலாவது வாரம். அம்பத்தூரில் சார் குடியிருந்த அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் போனில் அழுதார். "ஏகாம்பரம், சார் போயிட்டாரு. ஹார்ட் அட்டாக். உடனே கெளம்பி வாங்க." எனக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அம்மனைப் பார்த்து, பழத்தைக் கொடுத்து, புளியோதரை வாங்கித் தின்று, கை கழுவிய பிறகுதான் பஸ் ஏறினேன்.

அவருக்கு நினைவு மலர் போடுகிறார்களாம், என்னிடமும் நாலு வரி கேட்டார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் நித்யா எழுதுகிறாள். நாலு வரியில் எதையும் சொல்லி எனக்குப் பழக்கமும் இல்லை. மலரில் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, அவரைத் தெரிந்த உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

பிள்ளைகளை அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அனுப்பி வைப்பது சாரின் தொழில். அம்பத்தூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் ஆபீஸ். கீழே நான் வாட்ச்மேன். அதற்கு முன்னால் எங்கள் ஊர் நூம்பலில் நாற்று நட்டவன். நிலம் மனையாயிற்று, மனை வீடாயிற்று. நட்டவனுக்கு ஒரு கட்டட வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது. அந்த நாற்காலிக்கு மூன்று கால்தான் சரியாக இருக்கும். அது தனிக் கதை. நாலு மணிக்கு சார் டீ குடிக்க இறங்கி வருவார். "இன்னைக்கு என்ன கதை, ஏகாம்பரம்?" என்பார். கையைக் கட்டிக்கொண்டு கேட்பார். நடுவில் போன் அடித்தால் அணைத்துவிடுவார். படித்த மனிதர் ஒருவர் என் பேச்சை முழுசாகக் கேட்டது என் வயதுக்கு அதுதான் முதல் தடவை. யாரும் காது கொடுக்காதவனை ஒரு காதைக் காட்டியே வளைத்துவிடலாம். நான் வளைந்தேன்.

அவர் தொழில் என்னவென்று அவரே ஒருநாள் விளக்கினார். அந்த ஊர்ப் பெரிய கோர்ட்டு, கல்லூரியில் இனம் பார்த்து இடம் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதாம். ஆனால் பிள்ளை தான் பட்ட பாட்டைத் தானே கட்டுரையாக எழுதி அனுப்பினால் படித்துப் பார்க்கலாமாம். அதனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்போது ஒரு பாடு தேவைப்படுகிறது. "நம்ம ஊர்ல சர்டிபிகேட்டுக்குத் தாலுகா ஆபீஸ் போகணும். அங்க கட்டுரைதான் சர்டிபிகேட். தாசில்தாரும் இல்ல, சீலும் இல்ல" என்று சிரித்தார்.

"கஷ்டப்பட்டவன் பொய் சொல்றானா, மெய் சொல்றானான்னு எப்டி சார் கண்டுபுடிப்பான்?" என்று கேட்டேன்.

"கஷ்டம் இருக்கறவனுக்கு அத எழுத வராது. எழுத வர்றவன்கிட்ட கஷ்டம் இருக்காது. நடுவுல நான் இருக்கேன்" என்றார். வெட்கப்படாமல்தான் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். அப்பன் படித்த கல்லூரியில் பிள்ளை மனுப் போட்டால், அவனுக்கென்று தனிக் கவனிப்பு உண்டாம், பல இடங்களில். எங்கள் பக்கத்துத் திருவிழாவில் ஒரே குடும்பத்துக்குத்தான் வருஷா வருஷம் முதல் மரியாதை. பரிவட்டம் கட்டிக்கொள்கிற ஆளுக்கு இப்போது நிலமும் இல்லை, நடையும் இல்லை; தூக்கிக்கொண்டு வந்து கட்டுகிறார்கள். போன வருஷம் கட்டும்போதே தூங்கிப்போனார். அமெரிக்காக்காரனும் அதையேதான் செய்கிறான். செய்துவிட்டு, பக்கத்தில் ஏழைக்கும் ஒரு கதவு வைத்திருக்கிறேன் என்று பலகை மாட்டுகிறான். அந்தக் கதவின் சாவியை பேக்கரி மாடியில் சார் வைத்திருந்தார்.

இனி ஷட்டர் விஷயத்துக்கு வருகிறேன். நூம்பலில் எங்கள் வீட்டுக்கு எதிரில் ஒரு வெல்டிங் கடை. நித்யா ஆறாவது படிக்கும்போது காலையில் எழுந்ததும் அந்தக் கடையின் ஷட்டரில் சாக்பீஸால் கணக்குப் போடுவாள். ஒன்பது மணிக்குக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கினால் கணக்கு முழுக்க மேலே சுருண்டுபோகும். சாயங்காலம் இறக்கினால் அப்படியே திரும்பி வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடருவாள். அவரும் திட்டிப் பார்த்தார். பிறகு, "பாப்பா, மூணாவது வரி தப்புன்னு தோணுது" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். நோட்டு இல்லை என்பதற்காக அவள் ஷட்டரில் எழுதவில்லை. நோட்டு பள்ளிக்கூடத்திலேயே கொடுக்கிறார்கள். "நோட்டுல எடம் பத்தலப்பா, நின்னுகினு போட்டாதான் வருது" என்பாள். சில வருஷம் கழித்து இதை நான் சாரிடம் சொன்னேன். அன்றைக்கு அவர் இரண்டாவது டீ வாங்கிக் கொடுத்தார்.

கொஞ்ச நாள் கழித்து மாடியிலிருந்து ஒரு பையன் இறங்கி வந்தான். ஆதித் என்று பெயர். சாரின் அடுக்குமாடியில் குடியிருக்கும் ஐ.டி. தம்பதியின் மகன். கையில் பெரிய போன்.

"அங்கிள், ஷட்டர்ல சாக்பீஸ் நிக்குமா? வழுக்காதா?"

"இன்னாத்துக்குப்பா?"

"இன்டர்வியூல கேட்டா சொல்லணும். சார்தான் உங்ககிட்ட கேக்கச் சொன்னாரு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சின்னப் பையன் ஆசையாகக் கேட்கிறான் என்று நினைத்து, பேக்கரி ஷட்டரைப் பாதி இறக்கி, சாக்பீஸைக் கையில் கொடுத்தேன். பள்ளத்தில் எழுத்து உடையும், மேட்டில் நிற்கும், கையை இப்படிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்று காட்டினேன். பேக்கரிக்காரர், "யோவ் அண்ணாத்தே, யாவாரம் நடக்குற நேரத்துல இன்னா பாடம் எட்த்துகினு கீற?" என்று கத்தினார். பையன் என்னோடு சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான். என் மகளைக் களவு கொடுக்கும்போது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தப் போட்டோவில் இன்றைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருப்பேன்.

போன வருஷம் நித்யா பிளஸ் டூ. அரசுப் பள்ளிதான். அவளுடைய கணக்கு டீச்சர், முழுச் செலவையும் ஏற்றுக்கொள்ளும் ஒரு அமெரிக்கக் கல்லூரியைக் கண்டுபிடித்து மனுப் போட வைத்தார். கட்டுரையை நித்யா தானாகவே எழுதினாள். ஷட்டரை எழுதினாள். வெல்டிங் கடைக்காரரை எழுதினாள். நோட்டு இருந்தது, இடம் போதவில்லை என்று உள்ளதை எழுதினாள். அங்கிருந்து கடிதம் வந்தது. இதே போன்ற கட்டுரைகள் இதே பகுதியிலிருந்து ஏற்கெனவே வந்திருக்கின்றன, இது உன்னுடையதுதான் என்பதற்கு விளக்கம் வேண்டும், பத்து நாள் அவகாசம் என்று டீச்சர் படித்துச் சொன்னார்.

இருவரும் மாடி ஏறினோம். சார் கடிதத்தைப் படித்தார்.

"நல்லா எழுதிருக்கம்மா. ஆனா ஷட்டர் கதை ஏற்கெனவே போயிடுச்சு. வேற எதாவது எழுது. உங்கப்பாகிட்ட ஆயிரம் கதை இருக்கே."

"சார், அது எங்க தெரு ஷட்டர்" என்றாள் நித்யா.

ஆதித் வந்து சாக்பீஸைப் பற்றிக் கேட்டது அப்போதுதான் எனக்கு விளங்கியது. "எத்தினி பேருக்கு சார் குட்த்தீங்க?" என்று கேட்டேன்.

"நாலு பேருக்கு. ரெண்டு வருஷத்துல."

"இது இவளோட கதைன்னு ஒரு லெட்டர் எய்தி குட்த்துடுங்க சார். அது போதும்னு டீச்சர் சொல்றாங்கோ."

"எழுதுனா அந்த நாலு பசங்க கதி என்ன? அங்க காலேஜ்ல சேந்துட்டாங்க, ஏகாம்பரம். தெரிஞ்சா காலேஜ்காரன் வெளிய அனுப்பிடுவான். கதை யாரோடதுன்னு அவன் பாக்க மாட்டான். யார் மொதல்ல அனுப்புனாங்கன்னுதான் பாப்பான்."

"அப்போ நானு?" என்றாள்.

"நீ கெட்டிக்காரி. எங்க போனாலும் பொழச்சுக்குவ." கீழே போன் செய்து அவளுக்கு டீ வரவழைத்தார், சர்க்கரை தூக்கலாக. அவள் தொடவில்லை. ஆடை கட்டிக்கொண்டு கிடந்தது.

அந்த நாலு பேரும் நோட்டு வாங்க வழியில்லாமல் ஷட்டரில் எழுதியதாக எழுதியிருக்கிறார்கள். அதுவும் அன்றைக்குத்தான் தெரிந்தது. என் வீட்டில் இல்லாத பஞ்சத்தை சார் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். "அமெரிக்காகாரனுக்குக் கஷ்டம் கொஞ்சம் பளபளன்னு இருக்கணும்" என்றார். அந்தக் கல்லூரிக்காரர்கள் பஞ்சத்தை நம்பினார்கள், பஞ்சமில்லை என்று எழுதியவளைத் திருடி என்று நினைத்தார்கள். டீச்சர் மட்டும் ஒரு கடிதம் எழுதினார். போதவில்லை. பத்து நாளும் போயிற்று, இடமும் போயிற்று. நித்யா இப்போது ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் கணக்கு படிக்கிறாள், முதல் வருஷம்.

அடுக்குமாடிக் கூடத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். நாற்காலி போட்டது நான். செயலாளர் மைக்கைப் பிடித்து, "ஏழைக் குழந்தைகளின் வாழ்வில் விளக்கேற்றியவர்" என்றார். அந்தக் கூட்டத்தில் ஏழை யார் என்று சுற்றிப் பார்த்தேன். நான் இருந்தேன், சமோசா தட்டு தூக்கிய பெண் இருந்தாள். அமெரிக்காவிலிருந்து திரையில் ஆதித் வந்தான். தனக்குள் இருந்த கதையைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் சார் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தான். கைதட்டினார்கள், சாவு வீட்டுக் கூட்டத்தில்.

கூட்டம் முடிந்ததும் ஆதித்தின் அம்மா என்னிடம் வந்தார். "அந்த ஷட்டர் ஐடியா நீங்க குடுத்ததாமே, ஏகாம்பரம். உங்களுக்கு எவ்ளோ பெருமை."

"பெருமதாம்மா. உங்க புள்ள நோட்டு இல்லாம கஸ்டப்பட்டது எனக்குத் தெரியாம பூட்ச்சி. தெரிஞ்சிருந்தா எங்க ஊட்ல ரெண்டு எட்த்துக் குட்த்திருப்பேன்."

அவருக்குத் திடீரென்று சமோசா ஞாபகம் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் நித்யா கேட்டாள். இன்னொரு கல்லூரிக்கு மறுபடியும் மனுப் போடலாம் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்களாம். "அப்பா, இந்த வாட்டி ஷட்டர் வேணாம். சாரப் பத்தி எழுதட்டா? நீ பட்டதும் அதுல வரும். நீ சரின்னா எழுதுறேன்."

என்னிடம் கேட்டுவிட்டு என் கதையைத் தொட்டவள் அவள் ஒருத்திதான்.

"எழுது" என்றேன். "ஆனா அவரு போன அமுத்திட்டு, கையக் கட்டிகினு நல்லா கேட்டாரு. அதையும் எழுது. உட்டுட்டா பொய்யாயிடும்."

சாரைத் தெரிந்தவர்களே, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு கதைதான். இதை அவர் யாருக்கும் கொடுத்துவிட்டுப் போகவில்லை.