உப்புக்கிணற்றுக் காட்டில் வெள்ளை பீட்ரூட்

ஜெர்மனியில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டு வந்த என் தங்கை மகன், நான் பொரியலுக்கு பீட்ரூட் சீவிக்கொண்டிருக்கும்போது போனில் ஒரு படம் காட்டினான். மண் ஒட்டிய வெள்ளைக் கிழங்குகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. "சீனி பீட்ரூட் பெரியம்மா. அங்க கரும்பு கிடையாது, இதுலதான் சீனி எடுக்குறாங்க. நம்ம ஊரு வெயிலுக்கெல்லாம் இது வராது."

பீட்ரூட்டின் தோலுக்கடியில் ஒரு வாசனை இருக்கும், மழையில் நனைந்த பானை ஓடு மாதிரி. உங்களுக்கும் தெரிந்திருக்கும். அது மூக்கில் ஏறியதும், எரியோடு ஊருக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருந்த உப்புக்கிணற்றுக் காடு அப்படியே வந்து நின்றது. கூடவே கொஞ்சம் கோபமும்.

கல்யாணமாகி வந்த புதிது. சீனியை ரேஷனில் அளந்து கொடுத்த காலம். விருந்தாளிக்குச் சீனி போட்ட காப்பி, வீட்டு ஆட்களுக்குக் கருப்பட்டி. என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் பாகம் பிரித்தபோது நல்லதண்ணிக் கிணறு அண்ணன் பக்கம் போனது. எங்களுக்கு உப்புக்கிணறு. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. வாய்க்கால் ஓரமெல்லாம் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். மாட்டுக்குச் சோளத்தட்டை தவிர உருப்படியாக ஒன்றும் விளைந்ததில்லை.

பெரிய மச்சான் (வீட்டுக்காரரின் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவேன்) செங்கல் சூளை வைத்திருந்தார். "வெள்ளாமைக்கு ஆகாத காடு. மண்ணையாவது எனக்குக் குடுங்க, கல்லு அறுத்துக்கிறேன்" என்று வரும்போதும் போகும்போதும் கேட்பார். என் வீட்டுக்காரருக்கு அண்ணன் முன்னால் வாய் வராது, தலையை ஆட்டுவார். ஆட்டிவிட்டு வந்து, சோறு இறங்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அப்போதுதான் விவசாய அதிகாரி ஒருவர், சின்ன வயசுக்காரர், சைக்கிளில் ஒரு துணிப்பை விதையோடு ஊருக்கு வந்தார். ஆட்களைக் கூட்டி, "சீனிக் கிழங்கு விதை. உப்புத் தண்ணியத் தாங்கும்னு சொல்றாங்க. இந்த வெயிலைத் தாங்குமான்னு எனக்கே தெரியாது. யாராவது போட்டுப் பாக்குறீங்களா?" என்றார். சீனிக்கிழங்கு என்றால் எங்களுக்குச் சர்க்கரைவள்ளிதான். அதற்கு எதற்கு விதை, கொடியை ஊன்றினால் போதாதா என்று ஒரே சிரிப்பு.

பொம்பளைகள் நின்ற பக்கத்திலிருந்து, "எங்க காட்டுல போடுறோம் சார்" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். எல்லோரும் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வழக்கம்போலத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிரயோசனப்பட்டது அன்றைக்குத்தான்.

பெரிய மச்சான் விடவில்லை. "வரலேன்னா காடு சூளைக்கு. சம்மதமா?"

"சம்மதம் மச்சான்" என்றேன். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். வாய் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

எல்லோரும் ஆடியில் விதைக்கிறார்கள் என்று நாங்களும் ஆடியில் விதைத்தோம். முளைத்தது. காற்றும் வெயிலுமாகச் சேர்ந்து அத்தனையையும் கருக்கிப் போட்டன. மறுநாளே பெரிய மச்சான் அளவுக் கயிற்றோடு வந்துவிட்டார். பை முழுவதையும் விதைத்துவிடலாம் என்று முதலில் என் வீட்டுக்காரர் சொன்னபோது, என் கஞ்சத்தனம் பாதியைப் பானையில் எடுத்துவைத்திருந்தது. "இன்னும் விதை இருக்கு மச்சான். கயித்தச் சுத்துங்க" என்றேன்.

ஐப்பசி மழை காட்டின் உப்பைக் கொஞ்சம் கழுவி இறக்கியது. பாத்தி கட்டாமல், கரை உயர்த்தி மேட்டில் ஊன்றினோம். இந்த விதையில் ஒரு வேடிக்கை. ஒன்றைப் போட்டால் மூன்று நான்காக முளைக்கும். ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்க வேண்டும். இவருக்கு மனசு வரவில்லை. நான்தான் பிடுங்கினேன். "வந்த பயிரையும் பிடுங்குறா பாரு" என்று ஊர் பேசியது. பிடுங்கியதை நாங்கள் சோற்றுக்கு வெஞ்சனமாக்கிச் சாப்பிட்டோம்.

மாசி பிறந்து வெயில் ஏறியது. ஒருநாள் உச்சிப்பொழுதில் பெரிய மச்சான் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இலையெல்லாம் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. "பாத்துக்கங்கப்பா, அம்புட்டும் செத்துப்போச்சு."

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். "இருங்கண்ணே. ஒருத்தரும் போகக்கூடாது. பொழுது சாயிற வரைக்கும் இங்கனயே உக்காருங்க" என்றார். அண்ணனைப் பார்த்து அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அண்ணனும் கேட்டதில்லை போல. போய் வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்.

எல்லோருக்கும் மோர் ஊற்றிக் கொடுத்தேன். வெயில் தாழ்ந்தது. முதலில் கிணற்றோரத்தில் ஒரு இலை நிமிர்ந்தது. பிறகு ஒரு வரிசை. பொழுது மேற்கே இறங்கும்போது காடு முழுக்கப் பச்சையாக எழுந்து நின்றது. தினமும் நாங்கள் பார்க்கிற கூத்துதான் அது. வந்தவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள்.

பங்குனியில் கடப்பாரை போட்டு நெம்பித்தான் எடுத்தோம். படத்தில் பார்த்த அதே வெள்ளைக் கிழங்கு, ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம். முதல் கிழங்கை இவர் முந்தானையில் துடைத்துக் கடித்தார். என் முந்தானையில்தான். கடித்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

சீனி எடுக்க ஆலை இல்லை. கரும்பாலையில் கேட்டால், கிழங்கைப் பிழிய எங்களிடம் மிஷின் கிடையாது என்றார்கள். அதனால் என்ன? இலையும் கிழங்குமாக மாட்டுக்குப் போட்டோம், மடி நிறைந்தது. மிச்சத்தைச் சீவி வேகவைத்துப் பிழிந்து பாகு காய்ச்சினேன். வெல்லமாகக் கட்டாமல் கருப்பாக, பசைபோல நின்றது. காப்பியில் ஊற்றினால் வாயில் வைக்க முடியவில்லை. பணியாரம் மட்டும் நன்றாக வந்தது. பெரிய மச்சானையும் கூப்பிட்டு இலை போட்டேன். ஒன்றைப் பிட்டுத் தின்றுவிட்டு, "மண்ணு வாசம் அடிக்குதே" என்றார்.

"உங்க தம்பி காட்டு மண்ணு மச்சான். அடிக்கத்தான் செய்யும்" என்றேன். அவர் இன்னும் இரண்டு வாங்கித் தின்றார். சூளைப் பேச்சை அதோடு விட்டார்.

மறு வருஷமும் போட்டோம், வந்தது. விதைக்கென்று விட்ட கிழங்கு மட்டும் எங்கள் வெயிலில் பூக்கவே இல்லை. பூக்க அதற்குக் கடுங்குளிர் வேண்டுமாம். அதிகாரி மாற்றலாகிப் போனபின் விதை கிடைக்கவில்லை. அந்த வெள்ளாமை அப்படித்தான் நின்றதே தவிர, வெயிலுக்குத் தோற்று நிற்கவில்லை.

அந்தக் காட்டின் மேல் இப்போது நாலுவழிச் சாலை போகிறது. கிணற்றைச் சரளை கொட்டி மூடிவிட்டார்கள். வேம்பு இல்லை, சூளை இல்லை, பெரிய மச்சான் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. அந்தப் பணியாரத்தைத் தின்றவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். சாட்சிக்கு ஆளில்லை என்பதற்காக நடந்தது நடக்காததாகிவிடுமா? அந்தத் தண்ணீரில், அந்த வெயிலில் அது விளைந்தது. இனித்தது.