எலிக்குக் குரல் கொடுத்தவள்

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாம் மாடியில் இருக்கிறாள் ராஜாத்தி. காலையில் ராயபுரத்தில் ஒரு சரக்குக் கம்பெனி ஆபீசைப் பெருக்கித் துடைப்பாள். மத்தியானம் எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்துவிடுவாள். வெளிநாட்டுக் கார்ட்டூன் படங்கள் தமிழ் பேசும்போது திருட்டு எலி, புளுகுணிக் காக்கா, சண்டைக்காரப் பன்றி எல்லாம் அவள் குரல்தான். அவளுக்கு வசனம் எழுதியவன் நான்.

எலிப் படத்தின் கதையைச் சொல்கிறேன். அந்தப் படத்தை எடுத்த வெளிநாட்டுக்காரர்கள், தங்கள் ஊரில் தாங்கள் இளக்காரமாக நினைக்கும் கறுப்பு ஜனங்களின் பேச்சைத்தான் திருட்டு எலிக்கு வைத்திருந்தார்கள். அதைக் கேட்ட மாத்திரத்தில் எங்கள் டைரக்டர், "இதுக்கு நம்ம மெட்ராஸ் பாஷை போட்டுடுங்க சார்" என்றார். வெள்ளை வெளேரென்று இருந்த இளவரசிக்குப் புத்தகத் தமிழ். நான் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தேன். சிரிப்புக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினொரு வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ராஜாத்திக்கு இதில் வருத்தமே இல்லை. "என் பேச்சு அல்லார் வூட்டு டிவிலயும் கீது சார், இன்னா கொறச்சல் எனக்கு?" என்பாள். ஒருமுறை இளவரசிக்குப் பேசிப் பார்க்கிறேன் என்று கேட்டாள். "அதுக்கெல்லாம் உன் தொண்டை ஆகாதும்மா" என்று டைரக்டர் சிரித்தார். அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன், வெட்கங்கெட்டவன்.

அவளுக்கு ஒரே மகள், மாயா, ஏழு வயது. மாத்தூரில் ஒரு இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்திருந்தாள். தன் பிள்ளை அங்கே யாருக்கும் பயப்படாமல் உட்கார்ந்து படிக்க வேண்டும். ராஜாத்தி இந்த உலகத்திடம் கேட்டது அது ஒன்றைத்தான். எலிப் படம் டிவியில் வந்த மறுநாள், "அந்த எலி எங்கம்மாதான்" என்று மாயா வகுப்பு முழுக்கப் பெருமையடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவளைச் சுற்றி ஒரே கூட்டமாம்.

பத்து நாள் கழித்துப் பள்ளியிலிருந்து போன் வந்தது. நான்தான் ராஜாத்தியை ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். பெர்சிஸ் என்ற பிள்ளையின் கலர் பென்சில் டப்பாவைக் காணோமாம்.

"நாங்க யாரும் உங்க பொண்ணை அடிக்கல, மிரட்டல. எடுத்தேன்னு அவளே ஒத்துக்கிட்டா" என்றார் டீச்சர்.

ராஜாத்தி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பளீரென்று மகளை ஓர் அறை விட்டாள். மாயா அழக்கூட இல்லை.

டப்பாவை எங்கே ஒளித்தாய் என்று கேட்டால் மட்டும் பிள்ளை திருதிருவென்று விழித்தது. கால் மணி நேரம் போயிருக்கும். பள்ளி வேனைக் கூட்டப்போன ஆயா, சீட்டுக்கு அடியில் கிடந்ததாக அந்த டப்பாவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பெர்சிஸ் காலையில் இறங்கும்போது விட்டுவிட்டிருக்கிறாள். "சரி, கூட்டிட்டுப் போங்க" என்றார் டீச்சர். ஒரு மன்னிப்பு? அதெல்லாம் நம் மாதிரி ஆட்களுக்கு வைத்திருக்கவில்லை போல.

கேட்டுக்கு வெளியே வந்ததும் ராஜாத்தி மகள் முன்னால் மண்டியிட்டாள். தான் அறைந்த கன்னத்தைத் தடவினாள்.

"எடுக்காதத்த இன்னாத்துக்குடி எட்த்தேன்னு சொன்ன?"

"டப்பா காணோம்னதும் அல்லாரும் என்னியே பாத்தாங்கம்மா."

"பாத்தா? நீ இல்லன்னு சொல்றதுதான?"

"படத்துல நம்ம மாறி பேசறவங்கதான எடுப்பாங்க? அதான்... நானே எட்த்துட்டு மறந்துட்டேன் போலன்னு நென்ச்சேன்."

ராஜாத்தி பிள்ளையைக் கட்டிக்கொண்டு, "நான்தான்டி, நான்தான்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எலி பேசிய ஒவ்வொரு வார்த்தையும் என் கையெழுத்தில் இருக்கிறது. அதைச் சொல்லி அவள் கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். நான் ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தி, ஏறுங்கள், நேரமாகிறது என்றேன்.