இரவல் பீரோ

தம்பி காணாமல் போனது திண்டிவனம் பேருந்து நிலையத்தில். அம்மா வேர்க்கடலை பறிக்கும் வேலைக்கு எங்கள் இருவரையும் கூட்டிப் போயிருந்தாள். திரும்பும்போது ஒலக்கூர் பேருந்தில் இடம் பிடிக்க என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். பின்னால் வந்துகொண்டிருந்தவன் வந்து சேரவில்லை. அவனுக்கு அப்போது ஐந்து வயது, எனக்கு ஒன்பது.

மறுநாளே அவன் கிடைத்துவிட்டான். யாரோ போலீசில் ஒப்படைக்க, அவர்கள் விழுப்புரத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் சேர்த்திருந்தார்கள். அவன் எங்கே இருக்கிறான் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது. கூட்டிவரத்தான் முடியவில்லை. பிள்ளையைத் தொலைத்தவர்களிடம் அப்படியே கொடுத்துவிட முடியாது, வீட்டை வந்து பார்ப்போம், பிள்ளை வளர ஏற்ற இடமென்று தெரிந்தால் அனுப்புவோம் என்று அம்மாவையும் அப்பாவையும் வெளியே பெஞ்சில் உட்கார வைத்துச் சொல்லி அனுப்பினார்கள்.

ஏற்ற இடம் என்பதை அம்மாவின் தம்பியான என் மாமா தனக்குத் தெரிந்த விதத்தில் எடுத்துக்கொண்டார். அவர் கல்யாணங்களுக்குப் பந்தல் போடுபவர். ஒருநாள் கூத்துக்கு ஓர் இடத்தை அடியோடு மாற்றிக் காட்டுவது அவருடைய தொழில்.

"பொண்ணு பாக்க வரசொல்ல ஊட்ட இப்டியேவா வெச்சிருப்ப? இதுவும் அப்டிதான்க்கா. நீ பேஜாரு பண்ணாம இரு, நான் பாத்துக்கறேன்" என்றார்.

தெருவே இரவல் கொடுத்தது. ஒரு வீட்டிலிருந்து கட்டில், இன்னொன்றிலிருந்து மேசை விசிறி, கடைசியாக ஒரு பச்சை பீரோ. அது வாசலில் நுழையவில்லை. கதவைக் கழற்றி, சாய்த்து, உள்ளே இறக்கினார்கள். பீரோவுக்குச் சொந்தக்காரி சாவியைக் கொடுக்கவில்லை. "பீரோவதான கேட்டீங்க, சாவிய எங்க கேட்டீங்க?" என்றாள். நான் கட்டிலில் ஏறுவதும் குதிப்பதுமாக இருந்தேன். எனக்கு அது திருவிழா.

பார்வையிட வந்த அம்மையார் கெட்டவர் இல்லை. வெயிலில் நடந்து களைத்திருந்தார். கட்டிலைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார், பீரோவைச் சற்று அதிக நேரம் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் அம்மாவிடம் கேட்டார்.

"இவ்வளவு வசதி இருக்கு. அப்புறம் ஏம்மா அந்தச் சின்னப் பிள்ளைய காட்டு வேலைக்குக் கூட்டிக்கிட்டுப் போனீங்க?"

விட்டுப் போக ஆள் இல்லை, போகாவிட்டால் உலை இல்லை என்பதுதான் பதில். அதைப் பீரோவின் முன்னால் நின்று சொல்ல முடியாது. அம்மா வாயைத் திறந்தாள். மாமா இருமினார். அம்மா மூடிக்கொண்டாள்.

வசதி இருந்தும் அக்கறை இல்லாதவர்கள் என்று முடிவாயிற்று. தம்பி இல்லத்திலேயே இருக்கட்டும் என்றார்கள்.

பீரோ திரும்பிப் போன அன்று அப்பா மாமாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "கல்யாணம் ஜோரா நடந்துச்சி மச்சான். மாப்ளதான் வரல."

அதன் பிறகுதான் விழுப்புரத்துப் பெஞ்சில், கண்டமங்கலத்து அக்கா என்று எல்லோரும் கூப்பிட்ட ஒரு பெண்ணை அம்மா சந்தித்தாள். அவள் தன் மகளை மீட்டுக் கூட்டிப் போய்விட்டவள். ஆனாலும் மற்றவர்களுக்காக அங்கே வந்து உட்காருவாள். "கேள்வி கேக்கறவங்க எதிர்ல தனியா நிக்காத. நாங்க வர்றோம்" என்றாள். அப்படிச் சேர்ந்த பெற்றோர்கள், பிள்ளைகளை அனுப்புவதை முடிவு செய்யும் அலுவலகத்தின் வாசலில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்கள். வீட்டில் எதைப் பார்ப்பீர்கள் என்று முன்பே சொல்லுங்கள். எங்களோடு ஒருவர் துணைக்கு நிற்கட்டும். விசாரணையைத் திண்டிவனத்திலும் வையுங்கள், ஒருநாள் கூலி போகாது. இல்லாமையைக் குற்றமாக எழுதாதீர்கள். நிலத்துக்காரரிடம்கூடக் குரல் உயர்த்தாத அம்மா அங்கே கத்தினாள். அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு வெட்கமாகவும் பசியாகவும் இருந்தது.

அப்போது கிடைத்தது ஒன்றே ஒன்றுதான், துணைக்கு ஓர் ஆள். மற்றவற்றில் சில இன்னும் கோரிக்கைகளாகவே இருக்கின்றன. அம்மா இன்றும் முழங்கால் வலியோடு விழுப்புரம் போய் யாராவது ஒரு தாயின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறாள்.

இரண்டாம் முறை பார்க்க வந்தபோது வீட்டில் எதுவும் இல்லை. விசிறியையாவது வாங்கி வரும்படி மாமாவிடம் ரகசியமாகக் கெஞ்சினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கண்டமங்கலத்து அக்கா பக்கத்தில் நிற்க, அம்மா சொன்னாள்: "இந்தப் பாயிதாங்க கீது. வேலைக்குப் போனாதான் சோறு. உட்டுட்டுப் போவ ஆளில்ல, அதான் இட்டுக்கினு போனேன். இனிமே எதிர்வூட்டு ஆயா பாத்துக்கறேன்னு சொல்லிக்கீது."

தம்பி வந்தான். அதற்குள் இன்னும் ஒரு வேர்க்கடலைப் பருவம் முடிந்திருந்தது. ஒட்ட வெட்டிய தலையோடு வாசலிலேயே நின்றான். செருப்பைச் சுவரோரம் நேராக வைத்தான். பானையைப் பார்த்தான். பிறகு கைகட்டிக்கொண்டு அம்மாவிடம் கேட்டான்.

"தண்ணி குடிக்கட்டுங்களா?"

கூடியிருந்தவர்கள் அசந்துபோனார்கள். "இன்னா மரியாத பாரேன்!" என்றாள் பீரோக்காரி. எனக்கும் பெருமைதான். மறுநாள் பள்ளியில் எல்லோரிடமும் சொன்னேன்.

அம்மா மொண்டு கொடுத்துவிட்டு, அடுப்பின் முன் போய்க் குனிந்து ஊத ஆரம்பித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊதிக்கொண்டே இருந்தாள். பற்றவைக்காத அடுப்பை எதற்கு ஊதுகிறாய் என்று அவளிடம் கேட்டேன்.